மஞ்சள் தடவிய பாம்புகள்

ரேஸ் கோர்ஸ் ரோடு
9 பிப்ரவரி 2025

அமலா,

இன்று காலை எழுந்ததும் முதலில் ஒரு பாம்பைக் கழுவினேன். காப்பிகூடப் போடவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து, செத்துப்போன அந்தப் பாம்பைக் கையில் நீட்டிப் பிடித்தபோது தொட்டியில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. குழாயை மூடிவிட்டேன். மீதியைக் கழுவ மனம் வரவில்லை. அது சேறு இல்லை, மஞ்சள் தூள். கழுத்துக்குக் கீழே குங்குமமும் கொஞ்சம் இருந்தது.

தீபாவளியன்று உன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் தபால். தேக்காவிலிருந்து தெம்பனிசுக்குத் தபாலில் கடிதம் போடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமைகளில் நான் நீப்பா சதுப்பு நிலத்துக்குத் தொண்டூழியம் செய்யப் போவது உனக்குத் தெரியும். அங்கே நாங்கள் பறவைக் கூடுகளைக் கணக்கெடுக்கிறோம். டிசம்பரிலிருந்து பாம்புகளையும் எடுக்கிறோம். இந்த மண்ணைச் சேராத ஒரு பாம்பு அங்கே வந்திருக்கிறது. செம்மஞ்சள் நிறம். அடிவயிற்றில் சோளமணி மாதிரி கட்டங்கள் இருப்பதால் கார்ன் ஸ்நேக் என்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பது. விஷம் கிடையாது. இங்கே அதை வளர்ப்பதும் விற்பதும் சட்டப்படி தப்பு. ஆனாலும் டெலிகிராமில் கிடைக்கிறதாம்.

நேற்று என்னோடு கணக்கெடுக்க வரும் ஆரிஃப், கரைக்கு அந்தப் பக்கம் ஒரு துணிப்பை கிடப்பதைப் பார்த்தார். பார்வையாளர்கள் அங்கே போவதில்லை. முடிச்சை அவிழ்த்த நொடியில் ஒன்று என் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு வேர்களுக்குள் போய்விட்டது. இன்னொன்று பைக்குள்ளேயே செத்துக் கிடந்தது. இன்று பூங்கா அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து நேராகத் திருப்பிப் பார்த்தேன். பச்சைத் துணியில் பொன்னிற எழுத்து: வைஷாலி – நிதீஷ். உன் மகள் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை.

பையை நான் யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் ஒரு கேள்விதான். நீ அங்கே போனாயா?

அக்கா


தெம்பனிஸ்
15 பிப்ரவரி 2025

அக்கா,

நாலு மாதமாகப் பேச்சில்லை. கடிதம் என்றதும் மன்னிப்புக் கேட்டிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தேன். பாம்பு வந்திருக்கிறது.

கரப்பான்பூச்சி வந்தாலே இவரைக் கூப்பிட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறி நிற்கிறவள் நான். நான் பாம்பைப் பிடித்து, மஞ்சள் பூசி, பையில் போட்டு, எம்ஆர்டி ரயில் ஏறி, பஸ் மாறி, உன் சதுப்பில் கொண்டுபோய் விட்டேனா? போலீஸ்காரர்கூட இப்படிக் கேட்கமாட்டார்.

அந்தப் பையைக் கல்யாணத்துக்கு வந்த எல்லோருக்கும்தான் கொடுத்தோம். தேக்கா மார்க்கெட்டில் போய் நில், கத்தரிக்காயும் கருவாடும் அந்தப் பையில்தான் போகின்றன. உன் வீட்டு அடுப்படி ஆணியில் இரண்டு தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் பையும் உன்னுடையது, சதுப்பும் உன்னுடையது. நான் உன்னைக் கேட்டேனா?

தீபாவளியன்று எத்தனை பேர் முன்னால் சொன்னாய்? "பாம்புக்குப் பால் ஊத்துறதுக்குப் பதிலா அவளை நல்ல ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பு" என்று. வைஷாலி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தை கருவிலேயே போன பெண். உனக்குப் பிள்ளை இல்லை, அந்த வலி தெரியாது. இதை அன்று சொல்லவில்லை, இன்று எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், மனசுக்குள் வைத்துக்கொள். வைஷாலி மறுபடி உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது. டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார். இந்த நேரத்தில் அவளிடம் போய்ப் பாம்பு, பை என்று எதுவும் கேட்காதே.

அந்தப் பையை எரித்துவிடு. கல்யாணப் பேர் போட்ட பை அப்படியெல்லாம் கிடக்கக்கூடாது.

அமலா


ரேஸ் கோர்ஸ் ரோடு
2 மார்ச் 2025

அமலா,

வைஷாலியைப் பற்றிப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய் சன்னலைத் திறந்தேன். கீழே பூக்கடைக்காரர்கள் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. மகிழ்ச்சிதான், அதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பிறகு இன்னொரு தடவையும். கோபம் முழுக்க நியாயமாக இருக்கிறது. கடைசி வரி மட்டும் இடிக்கிறது. உனக்குச் சம்பந்தமில்லாத பை என்றால் எரிக்கச் சொல்வானேன்?

நான் எரிக்கவில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கரையோரக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் வரிசையாகக் கூடு கட்டியிருக்கின்றன. போன சனிக்கிழமை ஒரு கூடு மட்டும் பாரமாகத் தொங்கியது. காற்றடித்தும் ஆடவில்லை. ஆண் குருவி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆரிஃப் ஏணி வைத்து ஏறி, கூட்டின் அடிப்பகுதியைக் கையால் தாங்கிப் பார்த்துவிட்டு இறங்கினார். உள்ளே அந்தச் செம்பாம்பு சுருண்டு படுத்திருந்தது. பக்கத்துக் கூடுகள் எல்லாம் காலி. இங்கேயே பிறந்த பாம்புகள் அந்தக் குருவிக்குப் பழக்கம். எந்தக் கிளையில் கட்டினால் அவை ஏறாது என்று அதற்குத் தெரியும். இந்தப் பாம்பு அதற்குப் புதுசு. அந்தக் கிளையிலும் ஏறிவிடுகிறது. குருவி மட்டுமல்ல, தையல்சிட்டு, கானாங்கோழி எதன் முட்டையும் மிஞ்சவில்லை.

நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு ஜோசியரைப் பார்க்கப் போனேன். நீ வழக்கமாகப் போய்ப் பார்க்கிறவர்தான், நகைக்கடைக்கு மேல் மாடியில் இருப்பவர். நாக தோஷத்துக்கு உயிருள்ள பாம்பை விடச் சொல்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். அவர் பயந்துபோனார்.

"நான் சொன்னது வெள்ளி நாகம்மா. கோயில் உண்டியல்ல போடுறது. அந்தப் பொண்ணுதான் உயிரோட விட்டா இன்னும் நல்லதான்னு கேட்டுச்சு. ஜோடியா விட்டா ரொம்ப விசேஷம், ஒத்தையா விட்டா அது துணையைத் தேடும்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். இந்த ஊர்ல யாருக்குப் பாம்பு கிடைக்கப் போகுதுன்னு நெனச்சுட்டேன் லா."

எந்தப் பெண் என்று கேட்டேன். பெயர் தெரியாது என்றார். வயது குறைந்த பெண், தனியாக வந்தாள், கழுத்தில் ஆபீஸ் டேக், கண்ணாடி போட்டிருந்தாள் என்றார்.

நீ கண்ணாடி போடுவதில்லை, அமலா. கரைக்கு அந்தப் பக்கத்துப் பாதையில் நம் வீட்டில் என்னோடு நடந்து பழகியவள் ஒருத்திதான்.

அக்கா


தெம்பனிஸ்
7 மார்ச் 2025

நான்தான் விட்டேன். போதுமா?

ஜோசியரிடம் போனது, வாங்கியது, விட்டது எல்லாம் நான். கண்ணாடி போட்டது யாரோ வேறு பெண். அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ.

என் பேரை எழுதிக் கொடுத்துவிடு. அவள் இருக்கும் கிளமெண்டிப் பக்கம் போகாதே. போனால் நீ எனக்கு அக்கா இல்லை.

அமலா


ரேஸ் கோர்ஸ் ரோடு
23 மார்ச் 2025

அமலா,

நீ எழுதியதை நம்ப முயன்றேன். நம்பிவிட்டால் எனக்கும் சுலபம். ஒத்த வயதுள்ள இரண்டு பெண்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயமாகிவிடும்.

சரி, நீதான் விட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை விட்டாய்? எங்கே? பை முடிச்சை எந்த நூலால் கட்டினாய்? பையை ஏன் அங்கேயே போட்டுவிட்டு வந்தாய்? பதில் எழுது. எழுதமாட்டாய் என்று தெரியும்.

நான் கேட்பது யாரையும் பிடித்துக்கொடுக்க இல்லை. வளர்க்க முடியாமல் கைவிடுகிறவர்கள் ஒற்றைப் பாம்பாகத்தான் விடுவார்கள். அது கொஞ்ச நாளில் செத்துவிடும், கதை முடிந்துவிடும். இங்கே எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஜோடி. ஆண் ஒன்று, பெண் ஒன்று. நாகர் சிலையில் பின்னிக்கொண்டு நிற்பதுபோல ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கி விட்டிருக்கிறார்கள். அந்த நல்ல எண்ணம்தான் எங்களை வதைக்கிறது. போன வாரம் வரப்பில் குட்டிகள் கிடைத்தன. பென்சில் கனம்கூட இல்லை. சதுப்பிலேயே பொரித்தவை. இனி இது யாரோ கொண்டுவந்து விட்ட பாம்பு இல்லை. இங்கே பிறந்துவிட்ட பாம்பு.

பூங்கா அலுவலகத்தில் இதைப் பார்த்துக்கொள்கிற பரீதா என்னைவிட இளையவள், நல்ல பெண். எங்கே விட்டார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பொறி வைத்து, முட்டையிட்ட பொந்துகளைத் தோண்டி எடுத்துவிடலாம் என்கிறாள். தெரியாவிட்டால் சதுப்பு முழுவதும் தேட வேண்டும். அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆரிஃப் அவளிடம் பையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் என்னைக் கேட்டாள். ஏதோ குப்பைப் பை, எறிந்துவிட்டேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்குத் தொண்டூழியர் வாசல் சாவி கொடுக்கும்போது எங்கே போகிறேன் என்று கேட்கிறாள். முன்பு கேட்டதில்லை.

வைஷாலி பன்னிரண்டு வயதில் என்னோடு அங்கே வந்தபோது ஒரு நீர்ப்பாம்பு அவள் செருப்பின் மேல் ஏறிப் போனது. அவள் அசையாமல் நின்றாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "அது போற வழியில நாம நிக்கிறோம் பெரியம்மா" என்றாள். அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன்.

அக்கா


தெம்பனிஸ்
13 ஏப்ரல் 2025

அக்கா,

நாளைக்கு வருஷப் பிறப்பு. பழைய வருஷத்தோடு இதையும் எழுதிவிடுகிறேன்.

அவள்தான். எனக்கே மார்ச்சில்தான் தெரியும். உன் முதல் கடிதத்தை நான் மேசை டிராயரில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தவள் பேனா தேடும்போது எடுத்துப் படித்துவிட்டாள். பைக்குள் ஒன்று செத்துக் கிடந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வந்தது.

"போன ரெண்டு பிள்ளைக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி விட்டேம்மா. இதுக்கு மூணாவது ஜோடி. அதுல ஒண்ணு செத்துடுச்சுன்னா என்ன அர்த்தம்?"

அவள் யுனிவர்சிட்டியில் படித்தவள், அரசாங்க வேலை. ஆபீஸில் பத்துப் பேருக்கு வழி சொல்கிறவள். ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு விளக்குகிறவள் அவள்தான். "எல்லாம் நார்மல்னு சொன்ன டாக்டர்தான் ரெண்டு தடவையும் ஸாரி சொன்னாரு" என்றாள். நீ தீபாவளியன்று சொன்ன ஸ்பெஷலிஸ்ட் அவர்தான். அவளுக்குச் செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பையைப் போட்டுவிட்டு வந்ததற்குக் காரணம், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம், யாரோ வரும் சத்தம் கேட்டதாம். முடிச்சு ஈரத்தில் இறுகிவிட்டது. நிதீஷுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது.

இப்போது கேள். செத்ததற்குப் பதிலாக இன்னொரு ஜோடி வாங்கிவிட்டாள். உன் கடிதத்தைப் படித்ததால் வாங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கிளமெண்டிக்குப் போய்ச் சண்டை போட்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டியை டாக்சியில் வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டேன். பாம் ஷெல்டரில், சாமான் போட்டு வைக்கும் அந்தக் குட்டி அறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. இவரிடம் உள்ளே எலி மருந்து வைத்திருக்கிறேன், கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு தடவை உறைந்த எலிக்குஞ்சு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன். மீன் பொட்டலத்துக்கு அடியில்தான் அதை ஒளித்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான் மீன்கூடச் சாப்பிடாதவள். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, பிறகு அழுகை வருகிறது.

நீ கேட்டதற்குப் பதில். முதல் ஜோடி, கருவேல மரத்துக்குப் பக்கத்தில். இரண்டாவது, உடைந்த மரப்பாலம் இருக்கும் இடத்தில். மூன்றாவது உனக்குத் தெரியும். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போ. கொன்றுவிடாதே, அக்கா. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேண்டாம். அவள் பேரை யாரிடமும் சொல்லாதே. வளைகாப்பு முடியட்டும். அதுவரைக்கும் மட்டும்.

அமலா


ரேஸ் கோர்ஸ் ரோடு
4 மே 2025

அமலா,

பெட்டியை எடுத்துக்கொண்டேன். நீ வேண்டுமென்றே உன் வேலை நேரத்தில் வரச் சொன்னாய் என்று புரிந்தது. தங்கராஜு கதவைத் திறந்தார். "எலி மருந்து எடுக்க வந்தீங்களா, மதினி?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை லிஃப்ட் வரைக்கும் அவரே தூக்கிவந்தார். மேலே போர்த்தியிருந்த துண்டு விலகியதை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி சரியாக மூடிவிட்டார். உன் வீட்டில் எனக்கு மட்டும்தான் கேள்வி கேட்கும் வியாதி போலிருக்கிறது.

பிராணிகள் மீட்புக் குழு ஒன்றிடம், எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே யாரோ வைத்துவிட்டுப் போனது என்று சொல்லிக் கொடுத்தேன். அவை உயிரோடு இருக்கின்றன, ஒரு கல்விக்கூடத்துக்குப் போகும் என்றார்கள். இதை வைஷாலியிடம் சொல்.

வளைகாப்பு வரை அவள் பெயரைச் சொல்லமாட்டேன் என்று இதனால் எழுதிக்கொடுக்கிறேன்.

இனி சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. கருவேல மரத்தைச் சுற்றிப் பொறி வைத்தால் நல்லது என்று பரீதாவிடம் ஏதோ தோன்றியதுபோலச் சொன்னேன். வைத்தாள். பெரியது இரண்டும் மாட்டின, ஒரு பொந்தில் முட்டைகளும் இருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் போனபிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"சிவகாமிக்கா, அங்கதான் இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அனுபவம் என்றேன். என் காதுக்கே அது பொய்யாக ஒலித்தது. என்னைத்தான் சந்தேகிக்கிறாள். பையை மறைத்தவள், சாவி உள்ளவள், இடமும் தெரிந்தவள் நான்தானே. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

உடைந்த மரப்பாலம் என்று எழுதியிருந்தாய். ஜனவரி மழைக்குப் பிறகு அங்கே உடைந்த பாலம் மூன்று இருக்கிறது. மூன்று இடத்திலும் தேடினோம், ஒன்றும் இல்லை. ஆனால் குட்டிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. உனக்கும் எனக்கும் நடுவே கடிதத்தில் வரும்போது ஏதோ மாறிவிட்டது. அல்லது அவள் உன்னிடம் முழுவதையும் சொல்லவில்லை. இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டாவதுதான் என் மனதில் முதலில் தோன்றியது.

அவள் வந்து கையை நீட்டி இங்கே என்று காட்டினால் ஒரு காலையில் முடிந்துவிடும்.

அக்கா


தெம்பனிஸ்
25 மே 2025

அக்கா,

அவள் அங்கே வரமாட்டாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், சேற்றில் இல்லை. அவளிடம் மறுபடி கேட்டேன். யோசித்துவிட்டு, சரியாக நினைவில்லை என்கிறாள். நினைவில்லையா, சொல்லப் பிடிக்கவில்லையா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அவை அங்கே உயிரோடு இருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் நினைக்கிறாள் போலிருக்கிறது. அந்த நினைப்போடு தூங்குகிறாள். நான் அதைக் கலைக்கமாட்டேன்.

வளைகாப்பு ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் புளோக்கிலேயே. பத்திரிகை அடிக்கவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். நீ வர வேண்டும்.

சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு இல்லை. முதல் வளையல் நீ போட வேண்டும். நிதீஷின் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். பிள்ளை பெற்றவர்கள்தானே போடுவது வழக்கம் என்றார்கள். வைஷாலி எழுந்து நின்றுவிட்டாள்.

"பெரியம்மா கையாலதான் எனக்கு முதல் வளையல். இல்லைன்னா வளைகாப்பே வேண்டாம்" என்றாள்.

நீ என் வளைகாப்புக்கு வந்தபோது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாய். உன்னை யாரும் மேலே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

இதை நான் ஏன் செய்கிறேன் என்று நீ சந்தேகப்படுவாய். உன் வாயை அடைக்க என்று நினைப்பாய். கொஞ்சம் அப்படித்தான். கொஞ்சம் அப்படி இல்லை. எது எவ்வளவு என்று என்னையும் கேட்காதே.

அந்த இளம்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வா. பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் பண்ணாதே. குரலைக் கேட்டால் இரண்டு பேரும் ஏதாவது பேசிவிடுவோம்.

அமலா


ரேஸ் கோர்ஸ் ரோடு
4 ஜூன் 2025

அமலா,

இந்தக் கடிதத்தை இன்று தபால்பெட்டியில் போடப்போவதில்லை. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். இத்தனை மாதமாக உனக்கு எழுதி எழுதி, வேறு வகையில் யோசிக்க வரவில்லை.

இன்று மாலை கேம்பல் லேனில் வளையல் கடைக்குப் போனேன். என்ன அளவு என்று கடைக்காரப் பெண் கேட்டாள். அக்கா மகளா, தங்கை மகளா என்றாள். என் மகள் மாதிரி என்று சொல்லவந்து, தங்கை மகள் என்றேன். பச்சையும் சிவப்பும் எடுத்தேன். அவள் தன் கையில் போட்டுக் குலுக்கிக் காட்டினாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கடையில் நின்று அப்படிச் சிரித்தது நான்தானா என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

நீ எனக்குக் கொடுப்பது எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுக்கிறாய். லஞ்சமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன். வைஷாலி எழுந்து நின்றதாக எழுதியிருந்தாயே, அது உண்மையா, எனக்காக நீ சேர்த்ததா என்று முதல் நாள் முழுக்க யோசித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடிக்கும்போது எனக்கு ஒன்றுதான்.

அதுதான் எனக்குப் பயம்.

போன சனிக்கிழமை கருவேல மரத்தில் ஒரு கூடும் இல்லை. புதிதாகக் கட்டத் தொடங்கிய குருவிகள் பாதியில் விட்டுவிட்டன. தெற்குப் பக்கம், நாங்கள் தேடவே இல்லாத இடத்தில், புதிதாகப் பொரித்த குட்டி ஒன்று ஆரிஃபின் பூட்ஸுக்கு அடியில் வந்தது. அவர் பரீதாவைப் பார்த்தார். பரீதா என்னைப் பார்த்தாள். இரண்டாவது ஜோடி அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். எந்த வரப்பு, எந்தப் பொந்து என்று காட்டக்கூடியவள் இந்த ஊரில் ஒருத்திதான். அவளை நானோ நீயோ வற்புறுத்த முடியாது. கேட்கும் உரிமை உள்ளவர்கள் கேட்டால் சொல்லுவாள். அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை.

வளைகாப்பு வரை சொல்லமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு சொல்லலாம் என்றுதான் நீயும் நினைத்திருப்பாய், நானும் நினைத்தேன். இன்று வளையலை வாங்கிக்கொண்டு வரும்போது தெரிந்துவிட்டது. அந்த வளையலை அவள் கையில் ஏற்றிய பிறகு அவள் பெயரை என் வாயால் எப்போதும் சொல்ல முடியாது. பிரசவம் ஆகட்டும் என்பேன். குழந்தைக்கு ஒரு வயதாகட்டும் என்பேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காலி மரத்தைப் பற்றி வருத்தப்படுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அவளுக்கு அபராதம் வரலாம். வேலையில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கர்ப்பிணி, முதல் தடவை, தானாக வந்து இடம் காட்டினாள் என்றால் பார்த்து நடத்துவார்கள் என்று நம்புகிறேன். நிச்சயம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவள் பயப்படுவாள். நீ எவ்வளவு நாளைக்கு என்னை மன்னிக்கமாட்டாய் என்பதை யோசிப்பதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள், பரீதா விடுப்பில் போய்விடுவாள். ஆகவே வெள்ளிக்கிழமை காலை, நாளை மறுநாள். முதலில் நான் மறைத்ததைச் சொல்வேன். பிறகு அவள் பெயரைச் சொல்வேன். பரீதாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளப் போகிறேன், திங்கட்கிழமைக்கு முன்னால் அந்த வீட்டுக்கு யாரும் போக வேண்டாம் என்று. ஒப்புக்கொள்வாளா தெரியாது. அங்கிருந்து வந்ததும் உனக்குப் போன் செய்வேன், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வளையலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும், அமலா. நிதீஷின் அம்மாவையே கேள். அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

அக்கா